பம்பாயிற் பிறந்த மரத் தீக்கப்பல்

(குன்னத்தில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடலலை எட்டாத குன்னத்தில் கப்பலைப் பற்றிப் பேச எழுந்தமை கண்டு சிலர் நகைக்கலாம். ஆயினும், நம் மாவட்டத்துச் சாத்தனூரிற் கல்லாகிக் கிடக்கும் பெருமரம், இந்நிலம் முன்னொரு காலத்துக் கடலாயிருந்தமைக்குச் சான்றன்றோ? மரமும் கடலும் நமக்கு அயலல்ல.

மரக்கலம் என்பது நம் முன்னோர் வழங்கிய சொல். தீக்கப்பல் என்ற அளவில் நமக்கு இரும்பே நினைவிற்கு வருகின்றது. முதலில் தோன்றிய தீக்கப்பல்களோ மரத்தாலாயவை. அவற்றுள், பம்பாயிற் கட்டப்பெற்ற முதல் தீக்கப்பலாகிய 'ஹியூ லிண்ட்சே'யின் வரலாற்றையே இன்று கூறப் புகுந்தேன்.

இக்கலம் 1829-ஆம் ஆண்டில் வாடியா குடும்பத்து நவ்ரோஜி ஜம்ஷெட்ஜி என்னும் தலைமைத் தச்சரால் உருவாயிற்று. அளவு 411 டன், உடல் தேக்கு. இருபுறத்தும் சுழலும் சக்கரங்களை இயக்கும் எந்திரங்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 80 குதிரைத்திறன் கொண்டது. இவை மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தன. தேக்கின் உறுதியை ஐயுறுவார், அக்குடும்பத்தார் 1817-இல் நீர்க்கிறக்கியதும் நம் திருகோணமலையின் பெயர் தாங்கியதுமான பாய்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் காட்சிக்கு நிற்பதை அறிவாராக.

கட்டியவர் பார்சி, கலத்தின் பெயரோ லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர் ஒருவருடையது. தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழில் காத்த குடும்பத்தின் பெயர் பலகையில் ஏறவில்லை. நம்மவருள்ளும், பிள்ளை உளி பிடித்தால் இழிவென்றும் பேனா பிடித்தால் உயர்வென்றும் எண்ணுவார் உளர். ஆசிரியத் தொழிலால் உண்பவனாகிய யானே இதனைச் சொல்லுகின்றேன், பொறுத்தருள்க.

நிற்க. 1830 மார்ச்சு 20-இல் இக்கலம் பம்பாயிலிருந்து சூயஸ் நோக்கிப் புறப்பட்டது. தலைவர் ஜான் வில்சன். ஏடன் துறை ஏறக்குறைய 1,650 மைல். கலமோ ஐந்தரை நாளைக்குரிய நிலக்கரியே கொள்ளத்தக்கது. ஆகவே அறைகளிலும் மேல்தளத்திலும் கரியையே குவித்தனர். சரக்கேற்ற இடமேது? கரியே சரக்கு! பதினொரு நாளில் ஏடனை அடைந்தபொழுது, ஆறு மணி நேரத்திற்கு வேண்டிய கரியே எஞ்சியிருந்தது. காற்று மாறியிருந்தால் என்னாகியிருக்கும்! வழித்துறைகளில் இதற்கெனக் கரியை முன்னரே கொண்டு சேர்த்ததும் பாய்க்கப்பலே. பழையது புதியதற்குச் சோறூட்டியது. ஏப்ரல் 22-இல் சூயஸ் சேர்ந்து, மே 29-இல் பம்பாய் மீண்டது.

பம்பாய்க் கவர்னர் ஜான் மால்கம் இம்முயற்சியைப் போற்றினார். லண்டன் இயக்குநர்களோ செலவைக் கண்டு முகஞ்சுளித்தனர். சில கடிதக் கட்டுகளைச் சுமக்க இத்துணைக் கரியா என்பது அவர்கள் வினா. கணக்களவில் அவர்கள் கூறியது தவறன்று. எனினும் கலம் மீண்டும் மீண்டும் சூயஸ் சென்றது, வழி உறுதிப்பட்டது. பின் 1839 சனவரியில் ஆங்கிலேயர் ஏடனையே கைப்பற்றினர். கரி நிறைக்க ஒரு துறை வேண்டுமென்பது அதற்கொரு காரணம். நம் தேக்கு திறந்த வழி பிறர் நாட்டைப் பறிக்கவும் உதவியதென்பது கசப்பான செய்தியே.

பின்னர்ப் பெரிய கப்பல்கள் வந்தன. இரும்புக் கலங்கள் பெருகின. முதல்வன் பின்வரிசைக்குச் சென்றான். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் உழைத்த அம்மரக்கலம், 1865 ஆகஸ்டு 18-இல் பாரசீக வளைகுடாவில் அழிந்தொழிந்தது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல். பம்பாயிலிருந்து நீராவியால் அத்துறைக்கு வழி கண்ட கலம் அதனைக் காணவில்லை.