மணாலி முதல் லே வரை



உத்தியோகத்தின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் தமிழகத்தை விட்டு வடக்கே வந்து வாழும் நம்மவர்க்கு இமயம் இன்று தொலைதூரத்துப் பொருள் அன்று. சங்கப் புலவர்கள் இமயத்தையும் குமரியையும் நாட்டின் இரு எல்லைகளாகச் சேர்த்துப் பாடினர். சேரன் செங்குட்டுவன் கண்ணகியின் படிமத்துக்காக இமயத்திலிருந்து கல் கொணர்ந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அந்நாளில் அது படையும் பரிவாரமும் புடைசூழ மாதக்கணக்கில் நடக்க வேண்டிய யாத்திரை. நாமோ, தில்லியில் வெள்ளிக்கிழமை மாலை அலுவலகக் கோப்புகளைக் கட்டி வைத்துவிட்டுப் பேருந்தில் ஏறினால், மறுநாள் காலையில் மணாலியில் பியாஸ் நதியின் கரையில் நிற்கிறோம். இந்த எளிமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் வண்டி செல்லும் வேகத்துக்கு நம் உடம்பு ஈடுகொடுப்பதில்லை. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு, மணாலியிலிருந்து லடாக்கின் முக்கிய நகரமான லேக்குச் செல்லும் மலைப் பாதையைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

இப்பாதையின் நீளம் இன்று சுமார் 430 கிலோமீட்டர். முன்னாளில் இதன் முதல் தடை ரோஹ்தாங் கணவாய். 3,978 மீட்டர் உயரமுள்ள அக்கணவாய் ஆண்டில் பல மாதங்கள் பனியால் மூடிக் கிடக்கும். அப்போது அதற்கு அப்பாலுள்ள லாஹூல் பள்ளத்தாக்கின் மக்கள் வெளியுலகத் தொடர்பின்றி இருப்பார்கள். 2020 அக்டோபர் 3-ஆம் நாள் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர் நீளமுடையது. இது பாதையில் 46 கிலோமீட்டரைக் குறைத்துவிட்டது. லாஹூல் மக்களின் குளிர்காலச் சிறைவாசத்தையும் பெரிதும் நீக்கிவிட்டது.

சுரங்கத்தின் தென் வாயிலில் தேவதாரு மரங்களும் ஈரக் காற்றும் மேகமும் இருக்கின்றன. சில நிமிடங்களில் வட வாயிலை அடைந்தால் வானம் தெளிவாகிறது. மலைகள் மரமின்றி வெறுமையாக நிற்கின்றன. பருவக்காற்று கொண்டுவரும் மேகங்களைப் பீர் பஞ்சால் மலைத்தொடர் தடுத்து, நீரைத் தென்புறத்திலேயே பொழியச் செய்துவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே கேரளத்தில் மழை கொட்டும்போது கிழக்கே கோயம்புத்தூர்ச் சமவெளி வறண்டு கிடப்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் இங்கே அந்த வறட்சியோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. லே நகரில் ஓராண்டில் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டரே. சென்னையில் ஒரே நாளில் அதற்கு மேல் பெய்வதை நாம் பார்த்திருக்கிறோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இந்நிலத்துக்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்று எண்ணிப் பார்த்ததுண்டு. மலையாதலால் குறிஞ்சி எனலாமென்றால், தினையும் இல்லை, அருவி பாயும் சோலையும் இல்லை. நீரற்றதாதலால் பாலை எனலாமென்றால், சுடுமணலுக்குப் பதில் பனி இருக்கிறது. ஆகவே 'குளிர்ப்பாலை' என்று சொல்வதே பொருந்தும். இவ்விடத்தில் இன்னொரு சொல்லையும் கவனிக்கலாம். இப்பகுதி மொழியில் 'லா' என்றாலே கணவாய். எனவே 'பாராலாச்சா லா கணவாய்' என்பது ஒரே பொருளை இரு முறை கூறுவதாகும்.

சுரங்கத்தைக் கடந்து சந்திரா நதியின் கரையோடு சென்றால் தாண்டி என்னும் ஊர். அங்கே சந்திரா நதியும் பாகா நதியும் கூடுகின்றன. அங்குள்ள பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் பலகை நெடுங்காலம் பயணிகளிடையே பேர்பெற்றிருந்தது. பின்னர் கேலாங், ஜிஸ்பா, தார்ச்சா ஆகிய ஊர்கள். தார்ச்சாவுக்குப் பிறகு நிலையான கிராமங்களைக் காண்பது அரிது. பாதை பாராலாச்சா லாவில் சுமார் 4,890 மீட்டர் ஏறி, சர்ச்சுச் சமவெளியில் சுமார் 4,290 மீட்டருக்கு இறங்குகிறது. அங்கிருந்து 21 கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட காடா மலையேற்றம். அதன் மேல் நகீ லா, சுமார் 5,060 மீட்டர் உயரமுள்ள லாச்சுங் லா. பிறகு பாங் என்னும் தங்குமிடம். அதைத் தாண்டினால் மோரே சமவெளி. இறுதியாக 5,328 மீட்டர் உயரமுள்ள தங்லாங் லாவைக் கடந்து, உப்ஷியில் சிந்து நதியைச் சந்தித்து, அதன் கரையோடு லேயை அடைகிறோம்.

இவ்வெண்களை அடுக்கியது வெறும் வியப்புக்காக அன்று. 5,300 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சற்றேறக்குறையப் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதற்கேற்பக் குறைகிறது. உடம்பு இதற்குப் பழகும். ஆனால் நாட்கள் வேண்டும். பழகுமுன் மேலே ஏறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, அயர்ச்சி ஆகியவை தோன்றும். அவற்றையும் பொருட்படுத்தாமல் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே அபாயம் நேரலாம். நம் நாட்டு மருத்துவர்கள் 1,925 இந்தியப் படைவீரர்களை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் உலகமெங்கும் மேற்கோளாகக் கொள்ளப்படுகிறது. கட்டுடல் கொண்ட இளம் வீரர்களையே இந்நோய் விடவில்லை என்றால், நாற்காலியில் அமர்ந்து கோப்புப் பார்க்கும் நம்மை அது ஏன் விடப் போகிறது?

மருத்துவர்கள் கூறும் விதி எளியது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரு நாள் ஓய்வு கொள்ள வேண்டும். நோய்க்குறி தோன்றினால் மேலே ஏறலாகாது. அது முற்றினால் உடனே கீழே இறங்க வேண்டும். விமானத்தில் நேரே லேயில் இறங்குவோர் முதல் இரண்டு நாளாவது ஓய்வாக இருத்தல் நலம்.

இவ்விதியை மணாலிப் பாதையில் கடைப்பிடிப்பது எளிதன்று. ஜிஸ்பாவில் சுமார் 3,200 மீட்டரில் உறங்கியவர் மறுநாள் சர்ச்சுவில் தங்கினால் ஒரே நாளில் 1,000 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறார். அது மட்டுமன்று. சர்ச்சுவில் நள்ளிரவில் ஒருவருக்கு நோய் முற்றினால் அவரை எங்கே இறக்குவது? தெற்கே பாராலாச்சா லா. வடக்கே நகீ லாவும் லாச்சுங் லாவும். எத்திசையில் சென்றாலும் முதலில் ஏற வேண்டும், பிறகுதான் இறங்கலாம்.

இது நாங்கள் நேரில் அறிந்த செய்தி. 2022 ஜூலையில் தில்லியிலிருந்து அலுவலக நண்பர்கள் ஐவர் புறப்பட்டோம். கேலாங்கில் ஓர் இரவும் ஜிஸ்பாவில் இரண்டு இரவுமாகத் தங்கிய பிறகே மேலே ஏறினோம். பாராலாச்சா லாவுக்குக் கீழே, சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் உள்ள ஜிங்ஜிங்பாரில் தேநீருக்காக வண்டி நின்றது. நண்பர் ஒருவர் காலையிலிருந்தே தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே இரு முறை வாந்தியெடுத்தார். நேர்க்கோட்டில் குதிகாலுக்கு முன் குதிகாலை வைத்து நடக்கச் சொன்னபோது அவர் கால் தள்ளாடிற்று. ஆயினும் அவரே, "ஸார், எனக்காக நிற்க வேண்டாம். லேயில் அறை பதிவு செய்தாயிற்று. விடுப்பும் நான்கு நாள்தான் பாக்கி" என்றார். எங்களுள் இருவர் தயங்கினர். லாஹூலைச் சேர்ந்த எங்கள் டிரைவர் வண்டியை வந்த வழியே திருப்பி நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பாபுஜி, இப்போது கீழே இறங்க ஏற்றம் இல்லை. சர்ச்சு போய்விட்டால் இரண்டு பக்கமும் ஏற்றம். அப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

அதற்குமேல் ஒருவரும் வாதிடவில்லை. திரும்பினோம். ஜிஸ்பாவை அடைவதற்குள் நண்பரின் பேச்சுத் தெளிந்தது; கேலாங்கில் பிராணவாயு கொடுத்தார்கள்; மறுநாள் காலையில் பசிக்கிறது என்றார். அவ்வாண்டு நாங்கள் லேயைப் பார்க்கவில்லை. ஐந்து பேரும் வீடு திரும்பினோம்.

அடுத்த ஆண்டு அதே ஐவரும் ஸ்ரீநகர் வழியே சென்றோம். ஜோஜி லா சுமார் 3,530 மீட்டர். இரவு தங்கிய கார்கில் சுமார் 2,680 மீட்டர். பாதையின் மிக உயர்ந்த இடமான ஃபோடு லா 4,108 மீட்டர். உயரம் படிப்படியாகப் பழகுகிறது. இரவுத் தங்கலும் தாழ்வான இடத்திலேயே அமைகிறது. லேயில் சில நாள் இருந்து உடம்பு பழகிய பின், மணாலி வழியே தில்லி திரும்பினோம். முதன்முறை செல்வோர்க்கு இம்முறையையே நாம் பரிந்துரைப்போம்.

வேறு சில நடைமுறைச் செய்திகளும் உண்டு. உருகிய பனிநீர் ஓடைகள் பல பாதையின் குறுக்கே பாய்கின்றன. இரவில் பனி உறைந்திருப்பதால் விடியற்காலையில் ஓடையில் நீர் குறைவு. வெயில் ஏற ஏற நீர் பெருகிப் பிற்பகலில் சக்கரத்தை மூழ்கடிக்கும். எனவே இங்கே விடியுமுன் புறப்படுவதே வழக்கம். 4,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்தாலும் அரிசி வேகாது. பிரஷர் குக்கர் இன்றிச் சோறு இல்லை. தில்லிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதைக் கண்டு அலுத்துக்கொள்ளும் நாம், இங்கே குளிர்காலத்தில் டீசலே உறைந்துவிடும் என்பதை அறிந்தால் வாயடைத்துப் போவோம். லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசல் 2019 நவம்பரில் விற்பனைக்கு வந்தது.

மோரே சமவெளியிலும் அதை அடுத்த த்ஸோ கார் ஏரிப் பக்கத்திலும் கியாங் எனப்படும் காட்டுக் கழுதைகள் மேய்கின்றன. சாங்பா இடையர்கள் பஷ்மீனா ஆடுகளை ஓட்டிச் செல்கின்றனர். கியாங் ஓடுவதைப் படம்பிடிக்க வண்டியைப் பாதையை விட்டு இறக்கித் துரத்துவோர் உண்டு. மெல்லிய காற்றில் ஓடும் விலங்கின் மூச்சும் வீணாகிறது. சக்கரத்தடியில் நசுங்கும் புல்லோ இக்குளிரில் மீண்டும் முளைக்கப் பல்லாண்டு ஆகும். நாம் எறியும் பிளாஸ்டிக் புட்டியும் இங்கே எளிதில் மக்குவதில்லை. கொண்டு சென்றதைத் திரும்பக் கொண்டுவருதல் இந்நிலத்துக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

இனி, நம் போன்றோர் தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று. பாறை இடுக்கில் புகுந்த நீர் உறையும்போது சுமார் ஒன்பது விழுக்காடு விரிந்து பாறையையே பிளக்கிறது. ஆதலால் இப்பாதை ஒவ்வொரு குளிர்காலத்திலும் சிதைந்து, ஒவ்வொரு வேனிலிலும் மீண்டும் செப்பனிடப்படுகிறது. 1960-இல் தோன்றிய எல்லைச் சாலைகள் அமைப்பின் மேற்பார்வையில் அப்பணியைச் செய்வோருள் பெரும்பாலோர் இம்மலையில் பிறந்தவர்கள் அல்லர். ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்திலிருந்தும், பீகாரிலிருந்தும், நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். பனிக்கட்டியை அறியாத சமவெளியிலிருந்து வந்து, 5,000 மீட்டர் உயரத்தில் தார் காய்ச்சிக் கல் உடைக்கிறார்கள். 2020 மே 29 அன்று, பெருந்தொற்றுக் காலத்தில் லடாக்கில் சிக்கிய 60 தொழிலாளரை ஜார்க்கண்ட் அரசு விமானத்தில் ஊருக்கு அழைத்து வந்தது. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 13 அன்று, தும்காவிலிருந்து 1,600-க்கும் மேற்பட்டோர் அதே லடாக் வேலைக்குத் தனி ரயிலில் புறப்பட்டனர். கூலியை இடைத்தரகர் கையில் கொடாமல் தொழிலாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டும் என்பது அப்போது பேசி முடிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று.

பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வடக்கே வந்தவர்கள் நாம் மட்டும் அல்லர் என்பதை இப்பாதையின் ஒவ்வொரு வளைவும் நமக்கு உணர்த்துகிறது. முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு தார்ச்சட்டியருகே நிற்கும் அவர்களைக் கடக்கும்போது வண்டியின் வேகத்தைக் குறைப்போமாக. புழுதியாவது அவர்கள் மேல் படியாதிருக்கும். லடாக்கில் 'ஜூலே' என்னும் ஒரே சொல் வணக்கத்துக்கும் நன்றிக்கும் விடைபெறுதலுக்கும் பயன்படுகிறது. அச்சொல்லை அவர்களுக்கும் சொல்லலாம்.

மலைப் பயணத்தின் பெருமையைத் தொட்ட உயரத்தைக் கொண்டே அளப்பது இன்று வழக்கமாகிவிட்டது. கணவாயின் உச்சிப் பலகையருகே படம் எடுத்துக்கொள்வதில் தவறொன்றும் இல்லை. ஆனால் உடன் வந்தவரின் முகத்தைப் பார்த்து, அவர் மூச்சின் போக்கை அறிந்து, வேண்டுமானால் பாதி வழியில் திரும்பத் துணிவதே இக்குளிர்ப்பாலையில் மேலான துணிவு. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு புறப்பட எண்ணும் நேயர்கள், பெட்டி கட்டுமுன் பயணத் திட்டத்தில் இரண்டு நாளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்களாக. அவ்விரண்டு நாளும் வீண் அல்ல.