நஞ்சராயன் குளத்தில் ஏழாம் வகுப்பு
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



களப்பயணம் என்றதும் நமக்கு ஊட்டியும் ஒகேனக்கல்லும்தான் நினைவுக்கு வருகின்றன. வண்டி வாடகையைக் கணக்குப் போட்டதும் பேச்சு நின்றுவிடும். எங்கள் மண்ணரைப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் பனியன் கம்பெனியில் டெய்லர், செக்கிங், கைமடி வேலை பார்ப்பவர்கள். அவர்களிடம் ஐந்நூறு ரூபாய் கேட்க நா எழாது.

அதனால் சென்ற ஜனவரியில், ஊத்துக்குளி சாலைப் பக்கமே இருக்கும் நஞ்சராயன் குளத்துக்கு டவுன் பஸ்ஸில் போனோம். ஏறக்குறைய 125 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் அறிந்த அந்தக் குளத்தை வகுப்பில் நான்கு பேர்தான் பார்த்திருந்தார்கள். எனக்கும் அதுதான் முதல் முறை.

படிவம் எதுவும் கொடுக்கவில்லை. பார்த்ததை எண்ணச் சொன்னேன், அவ்வளவுதான். கூழைக்கடா, நாமக்கோழி என்று எண்ணிக்கொண்டே போனவர்கள் வரித்தலை வாத்துகளைக் கண்டதும் நின்றுவிட்டார்கள். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருபவை என்றேன். ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்த மாணவி ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், "எங்க சிலிகாவுக்கும் வரும் சார்" என்றாள். சிலிகா ஏரி 1981லேயே ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அன்று முழுக்க மற்றவர்கள் அவளிடம்தான் சந்தேகம் கேட்டார்கள்.

திரும்பும்போது நொய்யல் பற்றிப் பேச்சு வந்தது. சாயக்கழிவு ஆற்றில் கலந்தது, ஒரத்துப்பாளையம் அணை பாழானது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பையன் கேட்டான்: "அப்ப எங்கப்பா பாக்கற வேலை தப்புங்களா சார்?"

இந்தக் கேள்வி நம் ஊர் வகுப்பறையில் என்றைக்காவது வந்தே தீரும். சுற்றுச்சூழல் பாடத்தை நடத்திவிட்டு, பிள்ளையைத் தன் அப்பாவை நினைத்துக் கூச வைத்து அனுப்பக் கூடாது. வேலை தப்பில்லை, கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் விட்டதுதான் தப்பு என்றேன். அவன் முகம் தெளியவில்லை.

அடுத்த வாரம் அவன் அப்பாவையே பள்ளிக்கு அழைத்தோம். சாயம் ஏற உப்பு எதற்கு, கழிவுநீரை வடிகட்டி, மிஞ்சியதை ஆவியாக்கித் தண்ணீரையும் உப்பையும் எப்படித் திரும்ப எடுக்கிறார்கள் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். பையன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டான்.