மலைக்கும் உண்டு மடிப்பு

கலைச்சொல்லில் கேலி கூடாது என்று எதிரணி நண்பர் சற்றுமுன் பொரிந்து தள்ளினார். மலை பிறக்கும் இடங்களுக்குப் பெயர் வைத்தவர்களே வேடிக்கையாகத்தான் வைத்திருக்கிறார்கள், ஐயா! ஆல்ப்ஸ் மலையில் பல கிலோமீட்டர் நகர்ந்து வந்து கவிந்த பாறை அடுக்குக்கு 'நாப்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் மேசைவிரிப்பு! இழுபட்டு இடையிடையே ஒடுங்கிய பாறைக்கு 'பூடினாஜ்'. 'பூடான்' என்றால் அங்கே ஒருவகை சாசேஜ். பசியோடு மலையேறியிருப்பார்கள் போலும்!

இமயத்தில் 'நைஸ்' என்றொரு பாறை. நம் வீட்டில் நைஸ் என்றால் வழவழவென்று அரைத்த தோசை மாவு. அந்தப் பாறையோ கோடு கோடாக, தொட்டால் சொரசொரப்பு. இதைக் கேட்ட மாணவன் தேர்வில் மறப்பானா?

நம் சொல் மட்டும் இளைப்பா? இமயம் மடிப்பு மலை. வேட்டி மடிப்பு கல்யாணப் பந்தி முடிவதற்குள் கலைந்துவிடும். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி ஏறத்தாழ 5 கோடி ஆண்டாகியும் இமயத்தில் மடிப்பு இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது. 2015 ஏப்ரலில் நேப்பாளம் குலுங்கி ஏறக்குறைய 9,000 பேர் மாண்டதும் அந்த நெருக்குதலால்தான். 'மடிப்பு' புரிந்த பிள்ளைக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். புரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு... நடுவர் மணியடித்துவிட்டார்.