இறைவன் சித்தமும் மனிதன் தெரிவும்

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாடசாலையில் நாலாம் வகுப்பிற் படித்த சிறுவன் ஒருவன் தன் வீட்டுக் கிணற்றில் விழுந்து இறந்துபோனான். அது கட்டில்லாத கிணறு. துக்கம் விசாரிக்கச் சென்றோர், “எல்லாம் ஆண்டவருடைய சித்தம்” என்று தேற்றினர். தந்தை நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் என்னை நோக்கி, “ஐயா, கிணற்றுக்குக் கட்டுக் கட்டாமல் விட்டவன் நானல்லவா? அதுவும் ஆண்டவருடைய சித்தந்தானா?” என்று கேட்டார்.

அன்று நான் விடை கூறவில்லை. ஆயினும், அக்கேள்வி கிறித்தவ உலகில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வியேயாகும். இறைவன் அனைத்தையும் ஆளுகின்றார் எனின், மனிதனுடைய தெரிவுக்குப் பொருள் என்ன? மனிதன் தானே தெரிகின்றான் எனின், இறைவனுடைய ஆட்சி எங்கே?

ஆறாம் நூற்றாண்டில், உரோமைப் பெருமகனான போயெத்தியசு என்பார் சிறையிலிருந்தவாறே இதனை ஆராய்ந்தார். இறைவன் காலத்துக்குள் நின்று நாளையை எட்டிப் பார்ப்பவரல்லர்; முக்காலமும் அவருக்கு ஒரே நிகழ்காலம். ஒருவன் நடப்பதை நாம் காண்பதனால் அவன் நடக்கக் கட்டாயப்படுவதில்லை. அதுபோலவே, இறைவனுடைய அறிவும் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை என்றார். நுட்பமான விடைதான். ஆனால், கிறித்தவர் வழிபடும் இறைவன் வெறும் பார்வையாளர் அல்லரே! அவர் உலகை நடத்துபவர். ஆதலால் இவ்விடை நம்மைப் பாதிவழியில் விட்டுவிடுகின்றது.

அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே பெலாகியு என்னும் பிரித்தானியத் துறவியும் வட ஆபிரிக்க ஆயரான அகுஸ்தீனும் இது பற்றி மாறுபட்டனர். இறைவன் ஒன்றைக் கட்டளையிட்டால், அதனைச் செய்யும் ஆற்றலும் மனிதனுக்கு உண்டு என்பது பெலாகியுவின் கொள்கை. என் மனம் முதலில் இவர் பக்கமே சாய்கின்றது. “உன்னால் முடியும்” என்று கூறாத ஆசிரியன் உண்டா? ஆனால் அகுஸ்தீன் தம் அநுபவத்தால் வேறொன்றை அறிந்திருந்தார். பழைய வாழ்வை விட்டுவிட அவர் விரும்பினார். விரும்பியும் ஆண்டுக்கணக்காக இயலவில்லை. விருப்பமே நோயுற்றிருக்கையில் அதனைக் குணமாக்குவது இறைவனுடைய அருளே. அருள் மனிதனுடைய சித்தத்தை அழிப்பதில்லை, விடுவிக்கின்றது என்றார். 418இல் கார்த்தேச்சுச் சங்கம் பெலாகியுவின் கொள்கையை நிராகரித்தது.

வழக்கு அத்துடன் ஓயவில்லை. 1739இல் ஜோன் வெஸ்லி முன்னியமனக் கொள்கையைக் கண்டித்துப் பிரசங்கித்தார். அவருடைய நண்பர் ஜோர்ஜ் வைற்பீல்ட் அதனை மறுத்தெழுதினார். ஆயினும் 1770இல் வைற்பீல்ட் மறைந்தபோது, நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லியே. இந்த இரு மரபுகளும் நம் நாட்டுக்கும் வந்தன. 1814இல் வந்த வெஸ்லியன் மிசனும், கல்வினுடைய மரபில் தோன்றி 1816இல் வந்த அமெரிக்க மிசனும் யாழ்ப்பாணத்தில் அயலவராய்ப் பாடசாலைகள் நடத்தின.

இவ்வழக்கிலே பலர் இறைவனையும் மனிதனையும் முதுசக் காணியின் பங்காளிகளாக எண்ணிவிடுகின்றனர். ஒருவர் பங்கு கூடினால் மற்றவர் பங்கு குறையும் என்பது அவர்கள் கணக்கு. வேதாகமத்தின் யோசேப்பு கதை அப்படிப் பங்கிடுவதில்லை. சகோதரர் பொறாமையால் அவனை வறண்ட குழியிற் போட்டனர், பின்னர் விற்றனர். தீமை முழுவதும் அவர்களுடையது. அச்செயலிலேயே இறைவன் நன்மையை நாடினார் என்று பின்னாளில் யோசேப்பு கூறுகின்றான். அதனைக் கூறியவன் யார் என்பதை நாம் கவனிப்பதில்லை. குழியில் கிடந்தவனே கூறினான். அதுவும் பல ஆண்டுகள் கழிந்த பின்னர். குழியின் விளிம்பில் நின்றவர் எவரும் அவனுக்கு அதனைச் சொல்லவில்லை. துக்க வீட்டில் நாம் சொன்னது பொய்யென்று நான் கூறவில்லை. அது நாம் சொல்லக்கூடிய சொல்லன்று.

அந்தத் தந்தை மாதம் முடியுமுன் கிணற்றுக்குக் கட்டுக் கட்டினார். கல் சுமக்க நாங்களும் சென்றோம். அக்கேள்வியை அவர் மீண்டும் என்னிடம் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கு வருவதை நிறுத்தவுமில்லை.