இசைக் காணொளியும் நம் வரலாறும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் பாட்டைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். ஏடும் எழுத்தும் மறுக்கப்பட்டிருந்த நம் முன்னோர்க்குப் பாட்டே பாடநூலாய் இருந்தது. இன்று அது கைப்பேசித் திரையில் காட்சியோடு வருகிறது. அதைக் கேட்டு ஆடினால் மட்டும் போதாது; படிக்கவும் கற்க வேண்டும்.

2021 மார்ச்சு 7-ஆம் நாள் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை அறியாதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு எழுதி, தீயுடன் சேர்ந்து பாடியது; தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். அதன் வேர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டியாருடைய வாழ்க்கை. அத்தோட்டங்களுக்குச் சென்றவர்களில் தஞ்சைத் தரணியின் மக்களும் உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென்றது. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்க்கு அங்கும் நிலமில்லை. திரும்பி வந்த இங்கும் நிலமில்லை.

இவ்வரலாற்றை அறிந்தபின் அக்காணொளியைப் பாருங்கள். 'எஞ்சாமி' என்பது 'என் சாமி'. பண்ணையாள் மிராசுதாரை விளித்த சொல் அது; பாட்டி பேரப்பிள்ளையைக் கொஞ்சும் சொல்லும் அதுவே. அச்சத்தால் சொன்ன சொல்லை அன்பின் சொல்லாக மீட்டெடுப்பதே அதன் உட்பொருள். காட்சியில் அம்மூதாட்டி பெருமிதத்தோடு அமர்ந்திருக்கிறார். மிராசுதார் முன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நம்மவர் நின்ற மண் இது. கூலி உயர்வு கேட்ட காரணத்தால் 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. இங்கே நம் பாட்டி ஒருத்தி அமர்ந்திருப்பதே ஓர் அரசியல் அறிக்கையாகும்.

உடையும் பேசும். 2018 சனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் ஒரே வகைக் கோட்டு அணிந்து மேடையேறினர். அண்ணல் அம்பேத்கரின் கோட்டை அறிந்தவர்க்கு அதன் பொருள் விளங்கும். குழுவின் பெயரோ அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லிலிருந்து வந்தது. இழிவென ஒதுக்கிய பறையும் கானாவும் அம்மேடையில் தலைநிமிர்ந்தன.

அமெரிக்கக் கறுப்பினத்தவரும் இவ்வழியில் பேசுகின்றனர். 2018-இல் வந்த 'திஸ் இஸ் அமெரிக்கா' காணொளியில் சுட்ட துப்பாக்கியைச் சிவப்புத் துணியில் பத்திரமாக வாங்கிக்கொள்கிறார்கள். சுடப்பட்டவரையோ தரையில் இழுத்துச் செல்கிறார்கள். முன்னே ஆட்டம், பின்னே கலவரம். ஆட்டத்தை மட்டும் பார்ப்பவர் பின்னணியைக் காணத் தவறுவார். கல்வி என்பது அப்பின்னணியைக் காணும் கண்ணே.

இன்னொரு செய்தியும் உண்டு. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் தன் அட்டைப்படத்தில் 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' ஆகிய பாடல்களைப் போற்றியது. இரண்டிலும் எழுத்துப் பங்குள்ள அறிவு அப்படத்தில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலியோர் கேள்வி எழுப்பிய பின்னரே அவருக்கெனத் தனி மின்பதிப்பு அட்டை வந்தது. பாட்டின் ஆக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதில் 2022-இல் அக்கலைஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. அதில் தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. ஆயினும் ஒன்றை மறவாதீர்கள்: வரப்பு வெட்டியவன் பெயர் பட்டாவில் ஏறாத வழக்கத்தை நாம் தலைமுறைகளாய்க் கண்டவர்கள். கலையிலும் அது தொடர இடந்தரலாகாது.

ஆதலால் இளைஞர்களே, ஒரு வேண்டுகோள். அகத்தியம்பள்ளியில் 1930-ஆம் ஆண்டு உப்பு சத்தியாக்கிரகத்திற்கு நினைவுத்தூண் நிற்கிறது. உப்பளத்தில் நாள்தோறும் உப்பு வாரும் நம் தாய்மார்களின் பாட்டுக்கு நாம் என்ன செய்தோம்? உங்கள் கையிலுள்ள கைப்பேசியில் அவர்களின் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் அவர்கள் இசைவோடு பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் தவறாமல் எழுதுங்கள். பாட்டின் பொருளைக் கேட்டு அறியுங்கள். அப்பதிவேட்டை இக்கழகத்தின் நூலகம் காக்கட்டும்.

நம் பாட்டை உலகம் கேட்கத் தொடங்கிவிட்டது. பாடியவர் பெயரையும் சேர்த்து அது கேட்குமாறு செய்வது உங்கள் கடமை.