சமையலறையை மாற்றலாமா? – ஒரு பொறியாளனின் கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் பாலம், அணை, விண்கலம் என்று பெரிய விஷயங்களைப் பேசினார்கள். நான் பேசப்போவது பத்தடிக்கு எட்டடி இடத்தைப் பற்றி. சிரிக்காதீர்கள். இந்த அரங்கில் வீடு உள்ளவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் சந்திக்கப்போகிற கேள்வி இது: "இந்தச் சமையலறையை இடிச்சிட்டுப் புதுசாப் போட்டுடலாமா?"

திருச்சியில் என் அப்பா 1984-இல் கட்டிய வீடு எங்களுடையது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கடப்பா கல் மேடை, சிமென்ட் பரண், அலுமினியக் கம்பி வயரிங், இரும்புக் குழாய். நாற்பது ஆண்டுகளில் எல்லாமே வயதாகிவிட்டன. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. சிங்க்குக்குக் கீழே சுவர் ஊறி, சுண்ணாம்பு உதிர்ந்தது. "எல்லாத்தையும் மாத்திடுவோம்" என்று வீட்டில் ஒரு குரல். "இத்தனை வருஷம் ஓடலையா?" என்று இன்னொரு குரல், அது அப்பாவுடையது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, வீட்டில் ஒரே எஞ்சினியர் என்பதால், என் தலையில் விழுந்தது.

விலைப்பட்டியல் ஒன்று வாங்கினோம். கணினியில் வரைந்த வண்ணப்படம், பளபளவென்று. தொகை ரூ. 5,10,000. கையில் இருந்தது ஒரு லட்சத்துச் சொச்சம். மிச்சத்துக்குக் கடன். 4 லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் ரூ. 8,900. கட்டி முடிக்கும்போது சுமார் ரூ. 5,34,000 கட்டியிருப்போம். அதாவது 5,10,000 ரூபாய்ச் சமையலறையின் உண்மையான விலை 6,44,000 ரூபாய். பட்டியலில் இந்த வரி இருக்காது. நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்து அந்த வரைபடத்தைப் படித்தேன். மைக்ரோவேவுக்கு இடம் இருந்தது, ஓவனுக்கு இடம் இருந்தது. வாரம் இரண்டு முறை ஓடுகிற கிரைண்டருக்கு இடம் இல்லை! கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, வரைந்தவருக்கு அது தெரியவில்லை போலும். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான் அரிவாள்மணை போட்டு எங்கடா உக்காருவேன்?"

தம்பி தங்கைகளே, தொழிற்பொறியியல் வகுப்பில் 'மெத்தட் ஸ்டடி' என்று ஒரு பாடம் வருமே, பரீட்சைக்கு மட்டும் படிப்போமே, அது இந்த இடத்துக்குத்தான். லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கப் பொறியாளர் தொழிற்சாலையில் செய்த அசைவு ஆய்வைச் சமையலறைக்குள் கொண்டுவந்தார். ஜெர்மனியில் 1926-இல் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் 'ஃபிராங்ஃபர்ட் சமையலறை'யை வடிவமைத்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான் இடம். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை குனிகிறார் என்று எண்ணிப் பார்த்து அமைத்தார். இன்றைய மாடுலர் சமையலறைக்கு அதுதான் முன்னோடி. எண்ணியது யாருடைய அசைவை என்பதுதான் இதில் முக்கியம். சமைப்பவருடைய அசைவை!

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்தேன். "வேலை இல்லையா உனக்கு?" என்றார் அம்மா. பிறகு நான் எழுதியதை மூன்று பத்திகளாகப் பிரித்தேன். முதல் பத்தி அபாயம். இரண்டாவது சிரமம். மூன்றாவது அழகு. எந்தப் பழைய சமையலறையையும் இந்த மூன்றாகப் பிரித்துவிடலாம். பணம் இந்த வரிசையில்தான் இறங்க வேண்டும்.

அபாயம். இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். எங்கள் வீட்டில் இருந்ததோ 5 ஆம்பியர் பிளக். அலுமினியக் கம்பி முனைகளில் தளர்ந்து சூடாகும். கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கிடையாது. ஈரக்கையோடு நிற்கிற இடத்தில் இது இல்லாமல் இருக்கவே கூடாது. அடுத்தது கேஸ். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். விலைப்பட்டியலோடு வந்த வரைபடத்தில் சிலிண்டரை இறுக்கமான கதவுக்குள் வைத்திருந்தார்கள். கீழே காற்றோட்டத் துளை இல்லாத அலமாரிக்குள் சிலிண்டரை வைப்பது அழகாக இருக்கலாம், சரியல்ல. மூன்றாவது அபாயம், அந்த வரைபடமே. சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிட்டால் 'ஓப்பன் கிச்சன்' ஆகிவிடும் என்றார்கள். "ஒரு நாள் வேலை சார்!" அது நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் அல்ல, மேல்தளத்தைத் தாங்கி நிற்கிற ஒன்பது அங்குலச் சுவர். முட்டுக் கொடுத்து, பீம் போட்டு, அந்தப் பாரத்தை இரு பக்கமும் இறக்க வழி செய்யாமல் அதில் கை வைக்க முடியாது. அந்த யோசனையை அங்கேயே அடித்துவிட்டேன்.

சிரமம். மேடையின் உயரம் வரைபடத்தில் 36 அங்குலம். அம்மா நேராக நிற்கும்போது முழங்கையே 36 அங்குலத்தில்தான் இருக்கிறது. வேலை செய்யும் தளம் முழங்கைக்குச் சுமார் நாலு அங்குலம் கீழே இருந்தால்தான் தோள் வலிக்காது. அப்படியானால் 32. பழைய மேடையை அளந்தேன், முப்பத்திரண்டரை! அன்றைக்கு அந்தக் கொத்தனார் அம்மாவை நிற்கவைத்து உயரம் பார்த்தாராம். ஆக, மேடையை உடைக்கக் காரணமே இல்லை. கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சையும் புளியும் பட்டால் மங்கும். கிரானைட் அந்த அளவுக்கு மங்காது. ஆனால் மங்குவது அழகுப் பத்தியில் வருகிற விஷயம். உண்மையான சிரமம் வேறு: அரிசி டப்பாவுக்கும் கீழ்த்தட்டுப் பாத்திரத்துக்கும் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்வது, வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்து வருவது.

அலமாரிக்குப் பலகை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிங்க்குக்குக் கீழே எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு இரண்டும் வேண்டாம். தண்ணீர் பட்டால் ரொட்டிபோல ஊறும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ப்ளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். அங்கே மட்டும் அதைப் போட்டு, மற்ற இடங்களில் சாதாரண ரகம் போட்டால் போதும்.

இனி, யாரும் பட்டியலில் எழுதாத செலவு. வீடு தலைகீழாவது. அப்பாவுக்குச் சர்க்கரை. மூன்று வாரம் ஹோட்டல் சாப்பாடு என்பது அவருக்கு நடக்காது. ஆகவே முதலில் போட்டது புதுச் சமையலறை அல்ல, பின்கட்டுத் தாழ்வாரத்தில் ஒரு தற்காலிகச் சமையலறை. ஒரு மேஜை, கேஸ் அடுப்பு, துணி துவைக்கும் கல்லருகே ஒரு குழாய், பாத்திரம் பதினைந்து, அவ்வளவுதான். அது நான்கு நாள் ஒழுங்காக ஓடிய பிறகே உள்ளே சுத்தியல் சத்தம். இன்னொரு விதி: டைல்ஸ், குழாய், வயர், பலகை எல்லாம் வீட்டுக்கு வந்து சேரும்வரை உடைக்கக் கூடாது. உடைத்துவிட்டுச் சரக்குக்குக் காத்திருக்கிற வீடுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நாள் குறிப்பதிலும் கணக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு காயாது. மார்கழி, தை அம்மாவுக்கு ஒத்துவராது. கடைசியில் அவரே தீர்ப்புச் சொன்னார்: "உடைக்கிறது ஆடியில இருக்கட்டும். பால் காய்ச்சுறது ஆவணியில." பூச்சை ஒரு வாரமாவது நனைக்க வேண்டும். சுவருக்குள் புதைத்த குழாயில் அழுத்தம் ஏற்றி, ஒரு நாள் முழுக்கக் கசிவு பார்த்த பிறகே மேலே டைல்ஸ். இந்த நாட்களை எந்த மேஸ்திரியாலும் குறைக்க முடியாது, குறைக்கிறேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள். எங்களுக்கு இருபத்திரண்டு நாள் ஆனது.

செலவைச் சொல்கிறேன், எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கொள்ளலாம். வயரிங்குக்கு ரூ. 31,000. குழாய் வேலைக்கு 27,000. பூச்சும் டைல்ஸும் 38,000. மேடைக்குக் கீழே இழுப்பறைகளும் அலமாரியும் 44,000. தற்காலிகச் சமையலறையும் ரப்பிஷ் அள்ளியதும் 8,000. ஆகக் கூட்டினால் 1,48,000. எதிர்பாராததற்கென்று ஒதுக்கிய 20,000-இல் 11,000 செலவானது. சுவருக்குள் கழிவுநீர்க் குழாய் விரிந்திருந்தது, வெளியே இருந்து அதைப் பார்த்திருக்க வழியே இல்லை. பழைய வீட்டில் கை வைப்பவர்கள் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ரூ. 1,59,000. கடன் இல்லை.

பளபளப்பு இல்லை என்று உறவினர் சிலருக்குக் குறைதான். "எஞ்சினியர் வீடு, இவ்வளவுதானா?" என்றார்கள். என் மனைவிக்கும் மேல் அலமாரி இல்லாத வருத்தம் இருக்கிறது. அதை மூன்றாம் பத்தியில் எழுதி வைத்திருக்கிறோம். பணம் சேர்ந்ததும் முதலில் அதுதான். ஜன்னலோரம் நான்கடி தரை காலியாக விட்டிருக்கிறோம். அங்கே கிரைண்டர் நிற்கிறது, பக்கத்தில் அரிவாள்மணை.

முழுவதும் மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மேடை உயரம் பொருந்தாவிட்டால், கூரை ஒழுகினால், கையில் பணம் இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். அந்த முடிவை வண்ணப்படத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், மூன்று பத்தியை எழுதிப் பார்த்து எடுங்கள். மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும், மீட்டர் பெட்டியில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, சிலிண்டர் ரப்பர் குழாயில் என்ன தேதி அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு நாள் சமையலறை வாசலில் உட்கார்ந்து, யார் சமைக்கிறார்களோ அவர்களைக் கேளுங்கள்: "உங்களுக்கு இங்க எது கஷ்டமா இருக்கு?" பதிலை எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் ஆயிரம் பேருக்குக் கட்டடம் வரையப்போகிறீர்கள், இயந்திரம் வடிவமைக்கப்போகிறீர்கள். உபயோகிப்பவரைக் கேட்கும் பழக்கம் வீட்டிலிருந்தே வரட்டும்.