நோயாளியின் மனநிறைவும் அறுவை சிகிச்சையின் தரமும்

(மருத்துவமனை நிர்வாகிகளிடையே ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் பயின்றவன். செலவிட்ட பணத்திற்கு உரிய பயன் கிட்டியதா என்று வினவுவது எங்கள் துறையின் வழக்கம். அவ்வினாவையே இன்று அறுவைக் கூடத்தின் வாயிலில் நின்று எழுப்ப விரும்புகிறேன்.

நமது ஆண்டறிக்கைகள் எத்தனை அறுவை சிகிச்சைகள் நடைபெற்றன என்று கூறுகின்றன. எவ்வாறு நடைபெற்றன என்று கூறுவது அரிது. இலக்கை எட்டுவது ஒன்றே நோக்கமானால் விளைவது என்ன என்பதை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் கண்டோம். கருத்தடை முகாம் ஒன்றில் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் அறுவை செய்தார். நாளொன்றுக்கு 30 என்பதே விதித்த வரம்பு. பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தனர். எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் அந்த நாள் ஒரு வெற்றி! இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடுமாறு உச்ச நீதிமன்றம் 2016இல் பணித்தது.

விலையில்லாச் சேவை

சந்தையில் மனநிறைவு பெறாதவர் வேறு கடையை நாடலாம். இலவச மருத்துவமனைக்கு வரும் ஏழைக்கு அந்த வாய்ப்பு இல்லை. கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாக அளிக்கப்படும் சேவையோ அதில் அடங்கவில்லை. எனவே அங்கே நோயாளியின் குரலைத் தேடிக் கேட்கும் பொறுப்பு நிர்வாகத்தையே சாரும். 2016இல் மத்திய அரசு தொடங்கிய ‘மேரா அஸ்பதால்’ திட்டம், குறுஞ்செய்தி, தொலைபேசி ஆகியவற்றின் வாயிலாகக் கருத்துக் கேட்பது இந்நோக்கத்திற்காகவே.

எதைக் கேட்பது?

கட்டிலில் படுத்திருப்பவரிடம் “திருப்திதானா?” என்று வினவினால், “உங்கள் புண்ணியம்” என்று கைகூப்புவார். அது நன்றியறிதல், மதிப்பீடு அன்று. கருவிகள் முறையாகக் கிருமி நீக்கப்பட்டனவா என்பதையும் அவர் அறிய இயலாது. ஆனால் அவர் மட்டுமே அறிந்தவை சில உண்டு. அறுவை ஏன் தேவை என்பதை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கினார்களா? இரவில் வலி பொறுக்காமல் அழைத்தபோது யாரேனும் வந்தார்களா? தள்ளுவண்டிக்குப் பணம் கேட்டார்களா? வீடு திரும்பிய பின் புண்ணில் சீழ் பிடித்ததா? இவற்றை, அந்த வார்டைச் சாராத ஒருவர், நோயாளி வீடு திரும்பிய பின் 30 நாட்களுக்குள் கேட்டறிதல் வேண்டும். சீழ் பற்றிய விடையைத் தொற்றுப் பதிவேட்டுடன் ஒப்பிட்டால் உண்மை புலப்படும்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புது தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதனைக் கையாண்டபோது, இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு கூறியது. இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அப்பட்டியலின் முதல் வினா நோயாளியைப் பற்றியதே: தாம் யார், உடலில் எவ்விடத்தில், என்ன அறுவை என்பதை உறுதிசெய்து அவர் இசைவு தந்தாரா என்பது அது.

மயக்க மருந்து அளிக்கும் முன் நோயாளியின் சொல்லுக்குத் தரும் இம்மதிப்பை, அவர் வீடு திரும்பிய பின்னும் தருவோமாக. இலவசமாக அளிக்கிறோம் என்பது தரக்குறைவிற்குச் சமாதானம் ஆகாது. அச்செலவும் அம்மக்கள் செலுத்திய வரிப்பணமே.